வெள்ளைத் துணிகள்

அவன் கையை நீட்டினான்.

கூட்டத்தில் நின்ற அவளுக்கு மூச்சு வந்தது. ஒரு சிட்டிகை சாம்பிராணி. பேரரசரின் சிலைக்கு முன்னால் எரியும் கனலில் அதைப் போட்டால் போதும், தம்பி உயிரோடு வீடு திரும்புவான். கிறிஸ்துவைத் தொழுத குற்றம் அதோடு தீர்ந்தது.

“போட்டுட்டு வீடு போய்ச் சேருடா,” என்றார் நீதிபதி. “வெயில் ஏறுது.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். “கை நடுங்குது பாரு. அவங்க சாமி பிடிச்சு இழுக்குதோ என்னமோ.”

நடுங்கட்டும். போட்டுவிடட்டும்.

அவன் சாம்பிராணியை எடுத்தான். தலையைத் தூக்கி அக்காவைத் தேடினான்.

கண்கள் அவள்வரை வரவில்லை. முன்வரிசையிலேயே நின்றுவிட்டன.

அங்கே கிறிஸ்தவ சபையின் தொனாத்தாவும் மற்றச் சபைப் பெண்களும் நின்றார்கள். ஒவ்வொருத்தி கையிலும் மடித்த வெள்ளைத் துணி.

விசுவாசத்தை விடாமல் இரத்தசாட்சியாகச் சாகிறவரின் குருதியைத் துணியில் ஒற்றி, வீட்டில் வைத்து வணங்குவது அவர்கள் வழக்கம்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. துணி வந்துவிட்டது.

அவன் அந்தத் துணிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு விரல்களைத் திறந்தான். சாம்பிராணி கனலுக்கு இப்பால், மண்ணில் விழுந்தது.

*

எல்லாம் முடிந்ததும் தொனாத்தா அவளிடம் வந்தாள். கையிலிருந்த துணியில் ஓரம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

“அழக்கூடாதும்மா. உன் தம்பி ஜெயிச்சுட்டான். மொதத் துணி உனக்குத்தான்.”

அவள் வாங்கிக்கொண்டாள்.

சின்ன வயதிலிருந்து அவன் அழுக்கைத் துவைத்தவள் அவள்தான். சேறு. எண்ணெய். தெருச் சண்டையில் உடைந்த மூக்கின் ரத்தம். ரத்தக் கறைக்கு வெந்நீர் ஆகாது.

அந்தத் துணியையும் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டாள். கசக்கினாள். கல்லில் அடித்தாள். தண்ணீர் தெளியும்வரை விடவில்லை.

*

மறுநாள் சபைப் பெண்கள் வணங்க வந்தார்கள்.

முற்றத்துக் கொடியில் அவன் துணிகளெல்லாம் காய்ந்துகொண்டிருந்தன. நடுநடுவே சில வெள்ளைத் துண்டுகள்.

தொனாத்தா கொடியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தாள்.

“இதுல எதும்மா அது?”

அவள் கூடையிலிருந்து அடுத்த ஈரத்துணியை எடுத்தாள். அவர்கள் முகத்துக்கு நேராக ஓங்கி உதறினாள்.

தண்ணீர் தெறித்தது.

அந்தப் பெண்கள் கண்களை மூடினார்கள். ஒவ்வொருவராக முழந்தாளிட்டார்கள்.

ஒருத்தியும் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.