புதன்கிழமைக் கூட்டம்

"நாளைக்கு ஒரே ஒரு நாள் பைக்கை வீட்ல விட்டுட்டு பஸ்ல வாங்கண்ணே. உங்க காலைப் பிடிச்சுக் கேட்கறேன்."

தையல்காரி கெஞ்சியதும் பக்கத்து வீட்டு மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "அந்த ஓட்டை பஸ்லயா? அதுக்கு நடந்தே போயிடலாமேம்மா."

"அந்த ஓட்டை பஸ்ஸும் நின்னுட்டா நான் எங்கண்ணே போவேன்? வாரத்துல ரெண்டு தடவை என் வீட்டுக்காரரை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணும். பைக்ல உட்கார அவருக்குத் தெம்பில்லை. கார் வெக்க எனக்கு வக்கில்லை."

மெக்கானிக் பைக் சாவியை எடுத்து ஆணியில் மாட்டினார்.

அந்த ஊருக்கு வருவதே ஒரு பஸ்தான். அதிலும் ஏழெட்டுப் பேருக்கு மேல் ஏறியதில்லை. போன வாரம்தான் கண்டக்டர் அவள் காதில் விஷயத்தைப் போட்டார். "காலேஜ்ல இருந்து ஆராய்ச்சி பண்றவங்க புதன்கிழமை வர்றாங்களாம்மா. அவங்க எழுதிக் கொடுக்கறதை வெச்சுத்தான் இந்த பஸ் ஓடணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாங்க."

அன்றிலிருந்து அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். முகம் கொடுத்துப் பேசாத ஓரகத்தியின் வாசலில்கூடப் போய் நின்றாள்.

புதன்கிழமை காலையில் பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. மெக்கானிக் படிக்கட்டில் தொங்கினார். ஓரகத்தி தான் பிடித்து வைத்திருந்த ஜன்னலோர சீட்டை மைத்துனருக்குக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"என்னம்மா இது, ஊரே காலி பண்ணிட்டுக் கிளம்பிடுச்சா?" என்றார் கண்டக்டர்.

"எனக்காகவா இத்தனை பேரு?" கணவனின் குரல் தழுதழுத்தது.

"சும்மா வாங்க" என்று அதட்டினாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும், கழுத்தில் காலேஜ் அடையாள அட்டை மாட்டிய ஒருவர் கைகாட்டி பஸ்ஸை நிறுத்தினார். முன்படியில் ஒற்றைக்காலை வைத்து, உள்ளே எட்டிப் பார்த்தவர் திகைத்துப் போனார்.

"தினமும் இவ்வளவு கூட்டமா வரும்?"

இதற்காகத்தானே அவள் காத்திருந்தாள்! "ஆமா சார், தினமும் இப்படித்தான். நிக்கக்கூட இடம் கிடைக்காது."

"ஆமாமா, தினமும்தான்!" பஸ்ஸே ஒரே குரலில் சொன்னது.

அவர் முகம் சுருங்கியது. டிரைவரிடம் திரும்பி, "இனிமே இந்த வழியா பஸ் வரக்கூடாதுங்க. இன்னைக்கே எழுதிக் கொடுத்துடுவேன்" என்றார்.

"ஐயோ, என்ன சார்? இவ்வளவு பேர் இருக்கறதை எண்ணிப் பார்த்துட்டுமா?" என்று பதறினாள் தையல்காரி.

"ஆளை எண்ண நாங்க வரலைம்மா. இந்தப் பழைய பாலம் பஸ்ஸைத் தாங்குமான்னு சோதிக்க வந்தோம்" என்றார் அவர் வருத்தத்தோடு. "ஏழெட்டுப் பேர்தான் வருவாங்கன்னு சொன்னாங்க. அவ்வளவுதான்னா, தாராளமா ஓடட்டும்னு எழுதியிருப்பேன்."