பேர் எழுதிய டப்பா

எடுத்த புற்றுக்கட்டி மறுபடி முளைத்திருக்கிறதா என்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரங்கப்பனின் சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். நான்கு வருடமாக இதுதான். சாயப்பட்டறை வேலையால் வந்த கட்டி என்றார்கள். இந்தமுறை டாக்டரம்மா முதலில் சிறுநீரை மட்டும் கேட்டார். முன்பு எடுத்த கட்டியில் இருந்த மரபணுக் கோளாறு அதில் தெரியாவிட்டால் குழாய் வேண்டாம் என்றார்.

கழிப்பறை வாசலில் ரங்கப்பன் டப்பாவை மனைவியிடம் நீட்டினார்.

"நீ புடிச்சுட்டு வா, பாவாயி. இனி அந்தக் குழாய என்னால தாங்க முடியாது."

அந்தப் பட்டறையில் அவர் சாயம் கலக்கிய தொட்டியில் முப்பது வருடம் நூலை முக்கி எடுத்தவள் பாவாயி. அவர் படுத்த பிறகும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். டப்பா வெதுவெதுப்பாகத் திரும்பி வந்தது. மேலே அவர் பேர்.

பத்து நாள் கழித்து டாக்டரம்மா ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார்.

"உங்க கட்டியில இருந்த கோளாறு இதுல இல்லீங்க."

ரங்கப்பன் நாற்காலியில் சாய்ந்தார்.

"ஆனா வேற ஒண்ணு புதுசா இருக்கு. இதுவும் கட்டியில வர்றதுதான். குழாய் விட்டுப் பார்த்தே ஆகணும்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த பாவாயி, என்னாச்சு என்று கையை விரித்துக் கேட்டாள். உள்ளங்கையெல்லாம் நீலச் சாயம்.

அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். குழாய் வேண்டாமாம் என்று நினைத்து, பாவாயி சிரித்தபடி உள்ளே வந்தாள்.