இருபத்தாறு இஞ்ச்

"இந்த சைக்கிள் பாப்பாவுக்கு வேணாம்மா. பெரிசு."

அந்தத் தெலுங்கு ஊரில் தமிழில் குரல் வந்ததும் ஸ்டெல்லா திரும்பினாள். கடை ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். காக்கிச் சட்டை. சட்டைப் பையில் இஞ்ச் டேப், கையில் ஸ்பானர். அவருக்குப் பின்னால், வாசலுக்கு வெளியே, ஹப்சிகுடா மெயின் ரோடு இரைந்துகொண்டிருந்தது.

"பெரிசுன்னு தெரியும். தெரிஞ்சுதான் கேக்கறேன். இருபத்தாறு இஞ்ச்."

"பாப்பாவுக்கு என்ன வயசு?"

"பத்து."

"இருபது இஞ்ச் சக்கரம் போதும்."

ஸ்டெல்லாவுக்கு எரிச்சல் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து மகள் ஜெஸ்ஸிக்கு ஸ்கூல் பஸ் கிடையாது. கொண்டுவிட வீட்டில் ஆளும் கிடையாது. காலை ஷிப்டுக்கு அவள் ஆறு மணிக்கே கிளம்பிவிடுவாள். இந்த மெயின் ரோட்டில் ஜெஸ்ஸி தனியாகத்தான் போய் வர வேண்டும். அதற்கு ஒரு சைக்கிள். இன்னொன்று வாங்க அவளால் ஆகாது. பத்தாவது வரைக்கும் இதுதான்.

ஜெஸ்ஸி போட்டிருந்த யூனிபார்மே இரண்டு சைஸ் பெரிது.

"வளர்ற பிள்ளைதானே? ரெண்டு வருஷத்துல கால் எட்டிடும்."

"அந்த ரெண்டு வருஷம்?" என்றார் அவர்.

ஸ்டெல்லா சைக்கிள் சீட்டைத் தட்டினாள். "உக்காருடி," என்றாள் மகளிடம்.

அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். ஜெஸ்ஸி எம்பி ஏறினாள். ஹேண்டிலைத் தொட முதுகை வளைத்து முன்னால் சாய வேண்டியிருந்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறின.

"பாத்தீங்களா, நாலே நாள்ல முதுகு வலிக்கும். கை மரத்துப்போகும். அதைக்கூட பொறுத்துக்கலாம். பாப்பா, பிரேக் பிடி."

ஜெஸ்ஸியின் விரல்கள் பிரேக்கின் நுனியைத் தடவின.

"இப்ப காலைக் கீழ வை."

அவள் ஒரு பக்கம் சரிந்தாள். ஷூவின் முனை தரையைத் தொட்டது.

"தோ, எட்டுதே!" என்றாள் ஸ்டெல்லா.

அவர் குனிந்து ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அழுத்தினார். அது பொதுக்கென்று உள்ளே போனது.

"இது கால் இல்லம்மா. பஞ்சு."

ஸ்டெல்லாவின் முகம் சிவந்தது. போன ஜூனில் பெரிசாக வாங்கிய ஷூவில் அவள்தான் திணித்தாள்.

"மம்மி, நக்கோ," என்று தலையாட்டி மறுத்தாள் ஜெஸ்ஸி. "பயமேஸ்தோந்தி."

"பயமெல்லாம் பழகப் பழகப் போயிடும். சும்மா இரு."

அவர் ஜெஸ்ஸியை இறக்கிவிட்டு, ஸ்பானரால் சீட்டைத் தளர்த்தினார். சீட் கீழே இறங்கி நின்றது. அதற்கு மேல் இறங்காது. அவர் உள்ளங்கையால் அழுத்தினார். மறுபடி அழுத்தினார். உடம்பின் கனம் முழுவதையும் போட்டு அழுத்தினார்.

'என்ன நடிப்பு,' என்று நினைத்துக்கொண்டாள் ஸ்டெல்லா. 'இப்போது சின்னதை விற்றால்தானே அடுத்த வருஷம் திரும்பி வருவோம்.'

"போதும் விடுங்க," என்றாள். "நான் இதைத்தான் எடுக்கப் போறேன்."

"உங்க கால்ல வேணும்னாலும் விழறேம்மா."

"அய்யோ, என்ன மனுஷன்யா நீ!"

அவள் விறுவிறுவென்று கல்லாவுக்குப் போனாள். முதலாளி சீதாராமன் இத்தனை நேரமும் தலை நிமிரவில்லை.

"இருபத்தாறு இஞ்ச், பில் போடுங்க. அப்புறம், உங்க ஆளைக் கொஞ்சம் அடக்கி வைங்க. இப்படிப் பேசினா எவன் கடைக்கு வருவான்?"

"யாரு, குணசேகரனா? அவரு என் ஆளு இல்லம்மா."

"பின்ன?"

"லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்ல ஃபிட்டர். ஷிப்ட் முடிஞ்சா நேரா இங்க வந்து உக்காந்துடுவாரு. மூணு வருஷமா."

"எதுக்கு?"

சீதாராமன் பில் புத்தகத்தைத் திறந்தார். எழுதவில்லை.

"அவரு பையனுக்கு இங்கதான் சைக்கிள் வாங்கினாரு. இதே இருபத்தாறு. தார்னாகா சிக்னல்ல நின்னிருக்கான். கால் ஊன எட்டல. சாஞ்சுட்டான். பக்கத்துல பஸ்."

"சின்னதா எடுங்கன்னு நீங்க சொல்லலியா?"

"சொன்னேம்மா. 'வளர்ற பிள்ளைதானே'ன்னாரு. நானும் எடுத்துக் குடுத்துட்டேன்."

ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தாள். ஜெஸ்ஸி மறுபடி சீட்டில் ஏறியிருந்தாள். கால் இரண்டும் அந்தரத்தில் தொங்க, குணசேகரன் அந்த சைக்கிளை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.