தரிசில் விழுந்த மூன்று

செயற்கைக்கோள் படங்களைக் கம்ப்யூட்டரில் அலசும் தொலையுணர்வுப் படிப்பில் தேறியவனுக்குக் கோயிலே கட்டலாம். புரோகிராமில் ஒரு கமா தவறினால் போதும், கம்ப்யூட்டர் ஒரு வண்டிக் காகிதத்தைத் துப்பும். அந்தப் பயத்தில்தான், "இந்த ஐப்பசி நடவுக்காச்சும் வாடா" என்று அப்பா கூப்பிட்டபோது, "பரீட்சை முடியட்டும்பா" என்றான் நரசிம்மன். புரட்டாசியிலேயே அப்பா செத்துப்போனார். சொந்த ஊரான சேரப்பணஞ்சேரியில் நிலத்தை உழ ஆளில்லை, தரிசாகத்தான் கிடக்க வேண்டும்.

மார்கழியில் எடுத்த செயற்கைக்கோள் படத்தை அவனுடைய புரோகிராம் எண்களாக அச்சடித்தது. தரிசுக்கு ஒன்று, நெல்லுக்கு மூன்று. அவர்கள் நிலத்தின் மேல் மூன்று விழுந்திருந்தது. நாற்பது தடவை திருத்தியும் மூன்றுதான் வந்தது.

"நேரில் பார்த்து எழுதினால்தான் மார்க்" என்றார் பேராசிரியர்.

தை மாதம் படப்பையில் பஸ்ஸை விட்டு இறங்கி நிலத்துக்கு நடந்தான். பக்கத்து நிலத்து முனியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாடா நரசிம்மா, ஐப்பசில உங்கப்பன் ஒண்டியா நட்டுக்கினு இருந்தப்போ வரல. அறுப்புக்கு மட்டும் வந்துகீறியா?"

நெல் முற்றித் தலைசாய்ந்திருந்தது. வரப்பில் இரண்டு அரிவாள்கள் கிடந்தன. ஒன்று அப்பாவுடையது, பிடியில் வியர்வை இன்னும் காயவில்லை. இன்னொன்று புதிது, இடதுகைக்காரனுக்கென்று அடித்தது. அந்த ஊரில் இடதுகைக்காரன் நரசிம்மன் ஒருவன்தான்.