நான்காவது சுரம்

பழைய மேடை நாடகம் ஒன்றை ஆர்க்கெஸ்ட்ரா இசையாக எழுதியிருந்தார் சேஷாத்ரி. ஆற்றோடு போய்விட்ட இளவரசி குமுதாவை ராஜா பெயர் சொல்லி அழைக்கிற கடைசிக் காட்சியைப் பெரிய வயலின் போன்ற செல்லோவுக்குக் கொடுத்திருந்தார். ஒத்திகைக் கூடத்தின் பின்வரிசையில் அவர் மனைவி வத்சலா பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். அக்கா வீட்டுக்கே போய்விடுவதாகச் சொல்லிக்கொள்ள வந்திருந்தாள். மகள் சாருலதா இறந்த பிறகு அந்தப் பெயரை ஒருமுறைகூட வாயில் எடுக்காத மனிதரோடு இனி அவளால் இருக்க முடியாது.

செல்லோ வாசித்த எட்வின் பாதியில் வில்லை நிறுத்தினார். “சார், கு, மு, தா. மூணுதானே வருது? நாலு சுரம் போட்டிருக்கீங்க. ராஜாவுக்குப் பொண்ணு பேரே மறந்துபோச்சா?”

வயலின்காரர்கள் சிரித்தார்கள்.

“ஒண்ணை எடுத்துடவா சார்?”

“வேண்டாம் எட்வின்.” சேஷாத்ரி தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “சாருன்னு கூப்பிட்டா அவ திரும்ப மாட்டா. முழுசாச் சொல்லணும்.”

எட்வினுக்குப் புரியவில்லை. ஆனாலும் வாசித்தார். நான்காவது சுரம் நீண்டு அடங்கும்போது, கூப்பிட்ட மகள் வந்துவிட்டாளா என்பதுபோல வத்சலா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.