கடைசி வரி

"கடைசி வரியைப் படிங்க டீச்சர்."

"ம, ட, ப... அதுக்கு மேல முடியலை சார்."

கண்ணாடிக் கடைக்காரர் லென்ஸை மாற்றிப் போட்டார். நாற்காலியில் இருந்தவர் அவருடைய மகளின் கணக்கு டீச்சர். கண்ணைக் காட்ட வந்தவர், கையோடு பள்ளிக்கூடத்துப் படிவம் ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். அதில் அப்பா கையெழுத்துப் போட்டால் மகள் கணக்கை விட்டுவிட்டு வேறு பாடத்துக்கு மாறலாம். இன்ஜினீயரிங் காலேஜை மட்டும் மறந்துவிட வேண்டும்.

"இப்ப பளிச்னு தெரியுது. ம, ட, ப, ர, ச."

"நல்லது. அந்த ஃபாரத்தைக் குடுங்க, கையெழுத்துப் போட்டுடறேன். நாப்பது மார்க்குக்கு எந்தக் காலேஜ் கதவைத் திறக்கும் டீச்சர்?" மகள் பிறந்த நாளிலிருந்து அவர் கண்ட ஒரே கனவு அந்த இன்ஜினீயரிங் காலேஜ்தான்.

"அவசரப்படாதீங்க சார். டெஸ்ட் கேள்வியை நான் போர்டிலதான் எழுதிப் போடறேன். அவ எட்டை மூணுன்னு எழுதிக்கிறா. ஆனா அந்த மூணுக்குப் போடற கணக்கு அத்தனையும் சரி! எதுக்கும் ஒருதடவை அவ கண்ணை..."

கடைக்காரருக்குச் சுருக்கென்றது.

"யாரைப் பாத்து என்ன கேக்கறீங்க! ஊருக்கெல்லாம் கண்ணு பாக்கறவன், பெத்த பொண்ணுக்குப் பாக்க மாட்டேனா? மூணு வயசுலேர்ந்து வருஷம் தவறாம பாக்கறேன். இதே கடை, இதே சுவரு. ஒரு எழுத்து தப்பினதில்லை. கோளாறு கண்ணுல இல்லை, கவனத்துல!"

"யானைக்கும் அடி சறுக்கும் சார்."

அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அந்த நேரம் பார்த்து மகள் புத்தகப் பையோடு வாசலில் வந்து நின்றாள்.

"வாம்மா மகாராணி! அங்கேயே நில்லு. கடைசி வரியைப் படி, உங்க டீச்சர் காதால கேக்கட்டும்."

மகள் சுவரைப் பார்த்தாள். தட்டுத் தடங்கல் இல்லாமல் கடகடவென்று ஒப்பித்தாள்.

"க, ந, வ, ல, த."

"கேட்டீங்களா!" என்று பேனாவைத் திறந்தவரின் கை அப்படியே நின்றது. டீச்சர் சுவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்படி வந்து உக்காரும்மா" என்றார் கடைக்காரர்.

க, ந, வ, ல, த என்று முடியும் பழைய எழுத்து அட்டையை அன்று காலையில்தான் அவர் கழற்றி மேசைக்கு அடியில் போட்டிருந்தார்.