திருட்டுத் தீனி

"அக்கா, திட்டாதீங்க. நேத்து சாயங்காலம் ரெண்டு போண்டா துன்னுட்டேன்."

போனை எடுத்ததும் பழனி சொன்ன முதல் வார்த்தையே இதுதான். துர்காதேவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்பா, உனக்கு வெக்கமே கெடையாதா? ரெண்டு வாரம் மோரு, சூப்பு, பவுடர் பாலு, இத தவிர ஒண்ணும் தொடக்கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னாரா இல்லையா?"

"சொன்னாருக்கா. வாசன வந்துச்சு..."

"வாசன வந்தா மூக்க மூடிக்கோ! வாய ஏன் தொறக்கற?"

இருவருக்கும் ஒரே நாளில் ஆபரேஷன். உடம்பு குறைய இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன். அதற்கு முன்னால் பட்டினி மாதிரி கிடந்து கல்லீரல் கொழுப்பைக் கரைக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் நடந்த வகுப்பில் டயட்டீஷியன் அனு எல்லாரையும் ஜோடி ஜோடியாகப் பிரித்துவிட்டாள். "தினமும் காலையில போன்ல பேசிக்கோங்க. வீட்டுல இருக்கறவங்களுக்கு உங்க பசி புரியாது. கூடப் பசியா இருக்கறவங்களுக்குத்தான் புரியும்."

பிள்ளையார்பாளையம் துர்காதேவிக்கு வாய்த்த ஜோடி, தென்னேரியில் பயிர் வைக்கும் பழனி.

வகுப்பு நடந்த அன்றைக்கே தன் கதையை அவள் அவனிடம் சொல்லிவிட்டாள்.

"எனக்கு இது ரெண்டாவது தடவபா. போன தடவ எடை ஏறிடுச்சுன்னு வாசலோட அனுப்பிட்டாங்க. பிரசாதம் மட்டுந்தான் சாப்ட்டேன் சார்னேன். கல்லீரலுக்குப் பிரசாதமும் பஜ்ஜியும் ஒண்ணுதாம்மான்னுட்டாரு டாக்டர். ஊரையே அதட்டறேன், என் நாக்கத்தான் அதட்ட முடியல!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். உள்ளுக்குள் பயம். இந்த முறையும் தவறினால் இன்னொரு தேதி கிடையாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முட்டி போய், சர்க்கரை ஏறி, தறிக் குழிக்குள் அவள் இறங்கி உட்கார்ந்து மூன்று வருஷமாகிறது. மறுபடி தறியில் உட்கார வேண்டும், அதுதான் அவளுடைய ஒரே ஆசை.

அப்படிப்பட்டவளுக்கு இப்படி ஒரு ஜோடி!

"அக்கா, திட்டாதீங்க. மாகறல்ல பங்காளி வீட்டு காதுகுத்து. கொஞ்சூண்டு பிரியாணி..."

"அக்கா, பொண்டாட்டி அடை சுட்டாக்கா. ஓரமா மொறுமொறுன்னு இருந்துச்சு..."

ஒவ்வொரு காலையும் அவள் கத்துகிற கத்தலில் பக்கத்து வீட்டுத் தறியே நின்றுவிடும்.

புருஷன் குமரகுரு சலித்துக்கொண்டார். "அவன் கெட்டா கெட்டுட்டுப் போறான். வேற ஆள மாத்தித் தரச் சொல்லேன்."

"நல்லாருக்குது நீங்க சொல்றது! நான் விட்டேன்னா அவன் குண்டானோட முழுங்கிடுவான்."

இரண்டாவது வாரம், ஒரு காலையில் நாத்தனார் காயத்ரி வந்தாள். கையில், இலையில் பொதிந்த வரதர் கோயில் இட்லி. மிளகும் சுக்கும் நெய்யும் வீடெல்லாம் மணத்தது.

"பிரசாதத்த வேணான்னு சொல்லக்கூடாது அண்ணி. ஒரே ஒரு விள்ளல்."

துர்காதேவிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவ்வளவு பசி. ஒரு விள்ளலில் என்ன குடிமுழுகிப் போய்விடும்? விரல் தானாக விண்டுவிட்டது. வாய் வரைக்கும் கொண்டுபோயும் விட்டாள்.

போன் அடித்தது.

"அக்கா, திட்டாதீங்க. நேத்து பிரதோஷம். கோயில்ல சுண்டலும் தயிர்சோறும் குடுத்தாங்க. பிரசாதமாச்சேன்னு..."

"பிரசாதமாவது ஒண்ணாவது! உன் கல்லீரலுக்கு அதெல்லாம் தெரியுமா? சாமி பேர சொல்லி வயித்த வளக்கறியா? நாளைக்கு டாக்டர் திருப்பி அனுப்புனா சாமியா வந்து ஆபரேஷன் பண்ணும்?"

மூச்சு வாங்கத் திட்டி முடித்தவள், தன் விரலைப் பார்த்தாள். விள்ளல் இன்னும் அங்கேயே இருந்தது.

இவ்வளவு பேசிவிட்டு இதை எப்படித் தின்பது? கண்ணில் ஒற்றிக்கொண்டு இலையிலேயே வைத்தாள். "நீயே சாப்புடு காயத்ரி. எனக்குக் கும்புட்டதே போதும்."

அட்மிஷன் நாளில் எடை மெஷினிலிருந்து அவள் இறங்கியபோது அனு கையே தட்டிவிட்டாள். "ஏழு கிலோ குறைச்சிருக்கீங்க மேம்! நாளைக்குக் கண்டிப்பா ஆபரேஷன்!"

துர்காதேவிக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று சந்தோஷம் பொங்கியது. கூடவே பழனியின் நினைப்பு வந்தது. பாவம், நம்மோடு சேர்ந்தும் உருப்படாமல் போய்விட்டானே.

அனுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாடி, அந்தப் பழனிய மட்டும் வாசலோட அனுப்பிடாதீங்க. வெகுளிப் பையன், நாக்கு அடங்கல. இன்னும் ரெண்டு வாரம் டைம் குடுங்க, நான் பொறுப்பு."

"யாரு, பழனி சாரா? இந்த பேட்ச்லயே அதிகமா குறைச்சது அவருதான் மேம். ஒன்பது கிலோ!"

துர்காதேவி திரும்பினாள். பெஞ்சில் பழனி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி அலமு.

"ஏன்பா, போண்டா, பிரியாணி, அடை, சுண்டலு... அத்தினியும் துன்னுட்டு ஒன்பது கிலோவா?"

அலமுதான் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அவரு எங்கக்கா துன்னாரு? ரெண்டு வாரமா பல்லுல ஒரு பருக்க படல. 'அடுத்தவங்கள அதட்டிக்கினு இருந்தாத்தான் அந்தக்கா தன் வாயக் கட்டுவாங்க'ன்னு சொல்லிட்டு, தெனம் உங்களுக்குப் போன் போடறதுக்கு முன்னாடி, 'இன்னிக்கு இன்னா துன்னேன்னு சொல்லட்டும் அலமு'ன்னு என்னையில்ல கேப்பாரு!"